காய்ச்சல் என்றே சொன்னோம்

உன் இளைய தங்கையின் கலியாணக் காட் இன்று காலை வந்தது. உன் உம்மாவே கொண்டுவந்து தந்தார். "கட்டாயம் வரணும் மனே, நீயும் எனக்கொரு புள்ளதான்" என்று சொல்லிவிட்டு, உட்காராமலே அடுத்த வீட்டுக்குப் போனார். காட்டின் மை இன்னும் சரியாகக் காயவில்லை. மடிப்பைப் பிரித்ததும் மையும் மண்ணெண்ணெயும் கலந்த மணம் வந்தது. உன் விரல்களில் எப்போதும் இருந்த மணம். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது என்பாய். சோற்றைப் பிசையும்போதும் அதுதான் மணப்பதால், உம்மா எந்தக் கறி ஆக்கினாலும் உனக்கு ஒரே கறிதான் என்று சிரிப்பாய். நான் காட்டை வாசிக்கவில்லை. மூக்கருகில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு ஆத்திரம் வந்தது. நீ போய் மூன்று வருடமாகிறது. ஆத்திரம் மட்டும் பழசாகவில்லை.

சூறாவளி அடித்துப் போன பிறகுதான் நாம் பழகினோம். கல்முனையில் நீ வேலைசெய்த அச்சகத்தின் கூரைத் தகரம் பாதி பறந்து, அந்த இடத்தைத் தென்னோலையால் மூடியிருந்தார்கள். நானும் இரண்டு கூட்டாளிகளும் சஞ்சிகை ஒன்று தொடங்கும் வெறியில் அலைந்தோம். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்ததால் உலகத்தைத் திருத்த எங்களுக்கு நேரம் நிறைய இருந்தது. என் கதையை நீதான் கோர்த்தாய். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கியபடி, தலையை நிமிர்த்தாமலே கேட்டாய்.

"இந்தக் கதையில வாற முதலாளி ஒவ்வொரு தரமும் வெத்திலையத் துப்பிட்டுத்தான் கதைக்காரு. துப்பாத முதலாளி ஒருத்தரும் நம்மட ஊருல இல்லையா?"

உள்ளேயிருந்த உன் முதலாளி யன்னலால் எட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்னடா அங்க கத?" என்றார்.

நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து கூட்டாளியானோம்.

நீயும் எழுதுவாய் என்று பிறகுதான் தெரிந்தது. சின்னச் சின்னக் கவிதைகள். எல்லாவற்றிலும் ஒரு மய்யித்து கிடக்கும், அல்லது ஒரு கபுறு வெட்டப்படும். எனக்கு எரிச்சல் வந்தது. வயல் வட்டைக்குள் வேலைக்குப் போகிறவனின் கால் சேற்றில் அழுகுகிறது, தறியில் இருக்கிறவனின் முதுகு வளைகிறது, நீ சாவைப் பாடிக்கொண்டிருக்கிறாயே என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

"சாவப் பத்தி மௌலவிமார் வெள்ளிக்கு வெள்ளி சொல்றாங்க. நீ வட்டைக்குள்ள சாகிறவனப் பத்தி எழுது."

"அவனும் சாகத்தானே செய்றான்" என்றாய்.

"துன்பம் மனிசனப் பெரியாளாக்கும் எண்டு எழுதப்போறியாக்கும்?"

"இல்லடா. அது மனிசனச் சின்ன ஆளாக்கிப் போடும். அடுத்த மூச்சு வந்தாப் போதும் எண்டு நினைக்க வெக்கும். பெரிய பெரிய யோசினையெல்லாம் சுகமா இரிக்கிறவனுக்குத்தான்."

உன் வயதில் ஒருவன் இப்படிப் பேசுவதை நான் வெறும் கெட்டித்தனம் என்று எண்ணினேன்.

உண்மை தெரிந்தது மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில். என் மாமாவுக்கு வயிற்றில் ஒப்பரேசன் செய்திருந்தார்கள். அவருக்குச் சோற்றுப் பார்சல் கொண்டு போனேன். நெஞ்சு நோயாளர்கள் காத்திருக்கும் வாங்கில், மடியில் ஒரு கட்டுக் கடதாசியை வைத்துக்கொண்டு நீ இருந்தாய். என்னைக் கண்டதும், "பிரஸ்ஸுக்குப் பேப்பர் எடுக்க வந்தன்" என்றாய். அந்த நேரம் தாதி ஒரு பெயரைக் கூப்பிட்டாள். அது உன் பெயர் இல்லை. ஆனால் எழுந்து உள்ளே போனவன் நீதான்.

திரும்பி வந்தபின் பஸ் நிலையத்தில் வைத்து எல்லாம் சொன்னாய். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததாம். அந்தக் காய்ச்சல் போகும்போது நெஞ்சில் ஒரு வால்வைப் பழுதாக்கிவிட்டுப் போயிருக்கிறது. மாதா மாதம் ஊசி. கொழும்புக்குப் போய் ஒப்பரேசன் செய்தால் உயிரோடு இருக்கலாம், செய்யாவிட்டால் எத்தனை நாளைக்கு என்று சொல்ல ஏலாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கல்முனை ஆஸ்பத்திரியில் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

"அங்க வாசல்ல கடல விக்கிறவருக்கும் என்னத் தெரியும். ஊருக்குள்ள ஒரு சொல்லுப் போகக்கூடா. மூத்த தங்கச்சிக்கு மாப்பிள பாக்கிறம்."

"உனக்கு வருத்தமெண்டா அவளுக்கென்ன?"

"காக்காட நெஞ்சு பழுதெண்டா தங்கச்சிட நெஞ்சும் பழுதெண்டுதான் சொல்லுவாங்க. அவள் புள்ள பெறுவாளா எண்டு கேப்பாங்க. நீ கதையெழுதுறவன், இது தெரியாதா?"

தெரியும். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்கிறவன். வாழ வருகிற வீட்டில் யார் இருமுகிறார்கள், யாருக்கு வலிப்பு, யார் எதனால் மௌத்தானார்கள் என்று மூன்று தலைமுறைக்குத் தோண்டிவிட்டுத்தான் வருவான். தோண்டுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதுதான் கொடுமை. என் மூத்த காக்காவுக்குப் பார்த்த ஒரு பெண்ணை, அவளுடைய சாச்சி கசநோயில் போனவர் என்பதற்காக வேண்டாமென்று சொன்னவர் என் உம்மா. நான் அப்போது வீட்டில்தான் இருந்தேன். வறுமையைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு உன் கவிதைகளை நான் பகிடி பண்ணவில்லை. ஒன்று தா, வருகிற இதழில் உன் பெயரோடு போடுகிறேன் என்று கெஞ்சினேன். ஒருநாள் பகல், முதலாளி ளுஹர் தொழப் பள்ளிக்குப் போன நேரத்தில், "வா" என்று கூப்பிட்டாய். கடதாசியில் எழுதாமல் நேரே எழுத்துப் பெட்டியிலிருந்தே கோர்த்திருந்தாய். மை தடவி ஒரே ஒரு பிரதி எடுத்துக் கையில் தந்தாய். நான் உரத்து வாசித்தேன். திரும்பத் திரும்ப வாசித்தேன்.

என்னைக் குளிப்பாட்ட வருகிறவர்களே,
தண்ணீரைக் கொஞ்சம் மெதுவாக ஊற்றுங்கள்.
இடது நெஞ்சில் கை படும்போது
காது கொடுத்துக் கேளுங்கள்.
உள்ளேயிருந்து ஒருவன்
பிறந்த நாள் முதல் கதவைத் தட்டினான்.
தூங்குகிறோம் என்று ஊர் சொன்னது.
இன்று அவன் தட்டவில்லை.
திறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.
அவனுக்குக் கை வலித்துவிட்டது.

"இதப் போட்டா விளங்கிடும்" என்றாய்.

"விளங்கட்டும்."

"ஓம், விளங்கட்டும்" என்று நீயும் சொன்னாய். அப்போது உன் முகத்தில் இருந்த துணிச்சலை நான் பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை. கோர்த்த எழுத்தை நூலால் கட்டி, தட்டோடு மேசைக்குக் கீழே வைத்தாய். இதழ் அச்சுக்குப் போக ஒரு கிழமை இருந்தது.

அந்தக் கிழமைக்குள் சம்மாந்துறையிலிருந்து பேச்சு வந்துவிட்டது. நெல் ஆலை வைத்திருக்கிற குடும்பம், நல்ல பொடியன், உடனே நாள் வைக்க வேண்டும். உன் உம்மா அழுது தொழுது அல்லாஹ்வுக்குச் சுக்றுச் செய்தாராம். நான் அச்சகத்துக்கு வந்தபோது நீ அந்தத் தட்டை மேசைமேல் வைத்து நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். ஏனென்று கேட்கவில்லை, தெரிந்தது. ஒவ்வொரு வரியாகக் கையில் எடுத்து, எழுத்துகளை அதனதன் அறைக்குள் போட்டாய். டக், டக் என்று விழுந்தன. வேலைக்காரனின் வேகம் அது, ஒரு எழுத்தும் இடம் மாறவில்லை. பிரதி எடுத்த கடதாசியில் மண்ணெண்ணெயை ஊற்றி விரல்களைத் துடைத்துக் கசக்கிப் போட்டாய்.

"எங்கயும் எழுதி வெக்காத. எழுதினா ஆராவது எடுப்பாங்க. மனசில வெச்சிக்க."

"இதென்னடா வேல? உன்ட கவிதைய நீயே..."

"ஒதுங்கு. கலியாணக் காட் கோர்க்கணும்."

அதே பெட்டியிலிருந்து, அதே எழுத்துகளை எடுத்து, தங்கையின் கலியாணக் காட்டைக் கோர்க்கத் தொடங்கினாய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். 'அன்புடையீர்' என்று தொடங்கினாய்.

கொழும்பில் உன் முறை வந்திருக்கிறதென்று டொக்டர் சொன்னதும் அந்த நாட்களில்தான். போனால் இரண்டு மாதமாவது ஊரில் இருக்க மாட்டாய். கலியாண வீட்டில் பெண்ணின் ஒரே காக்கா எங்கே என்று கேட்பார்கள். கலியாணம் முடியட்டும் என்று ஒப்பரேசனைத் தள்ளிப் போட்டாய். நீ அதைச் சொன்ன அன்று பின்னேரம் கடற்கரையில் தோணிகளுக்கு இடையில் இருந்து சண்டை பிடித்தோம். இந்த ஊர் உன்னைக் கொல்லப் போகிறது என்று கத்தினேன். மீன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊரெண்டா ஆரு?" என்று கேட்டாய். "உன்ட உம்மா, என்ட உம்மா, நீ, நான். நான் ஆரோட போய்ச் சண்ட பிடிக்க?"

"நீ பயந்தவன்."

"ஓம். ஆனா சாவுக்கில்ல. சாவு பெரிய விசயமில்லடா. சுகமா இரிக்கிற மாதிரிக் காட்டிக்கிட்டு நடக்கிறதுதான் பெரிய வேல. மூச்சு முட்டக்குள்ள செருப்பு வாரச் சரி பண்றவன் மாதிரிக் குனிஞ்சி நிப்பன். நம்மட ரோட்டுல எத்தின இடத்தில என்ட செருப்பு அறுந்திரிக்கெண்டு உனக்குத் தெரியாது."

இன்னொன்றும் சொன்னாய். "வெடிபட்டுச் செத்தா வெளியில சொல்லலாம். ஊரே கூடி அழும். நெஞ்சு வருத்தத்தில செத்தாத்தான் ஒளிக்கணும்."

கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே எடுக்க வேண்டும், அவர் அவன் விரலில் மோதிரம் போட வேண்டும். உங்கள் வீட்டில் தம்பி இல்லை, நீதான் செம்போடு வந்தாய். பந்தல் முழுக்கச் சனம். பட்டுச் சாரனும் வெள்ளைச் சேட்டும் போட்டு, அத்தர் பூசி, நீயே ஒரு மாப்பிள்ளை மாதிரி இருந்தாய். குந்தியிருந்து இரண்டு காலையும் கழுவினாய். துவாயால் துடைத்தாய். பிறகு எழும்பவில்லை.

தலையைக் குனிந்தபடியே இருந்தாய். இரண்டு கையும் மாப்பிள்ளையின் பாதங்களில் ஊன்றியிருந்தன. நான் பக்கத்தில்தான் நின்றேன். உன் பின்கழுத்து வெளிறிப்போய் வியர்த்திருந்தது. மூச்சை இழுக்கிறாய், அது பாதியில் நிற்கிறது. மாப்பிள்ளை ஒன்றும் விளங்காமல் சுற்றிப் பார்த்தார். அப்போது கூட்டத்தில் ஒரு கிழவர் சத்தமாகச் சொன்னார்.

"ஆள் கெட்டிக்காரன்! மோதிரம் விழாம எழும்ப மாட்டான் போல!"

பந்தலே சிரித்தது. "விடாத மச்சான், இன்னொரு பவுண் கேளு!" என்றான் ஒருவன். "காலப் புடிச்சவன் கையையும் புடிப்பான், கவனம் மாப்பிளே!" என்றான் இன்னொருவன். மாப்பிள்ளையும் வெட்கத்தோடு சிரித்து, மோதிரத்தைக் கழற்றி, குனிந்து உன் விரலில் போட்டார். அவர் போடுவதற்கு வசதியாக விரலை நீட்டினாய். நீட்டிக்கொண்டு நீயும் சிரித்தாய். சத்தமில்லாத சிரிப்பு, சத்தத்துக்கு மூச்சு இல்லை. பெண்கள் பக்கத்துத் திரை விலகி உன் உம்மாவின் கண் தெரிந்தது. அந்தக் கண்ணில் சிரிப்பில்லை. நான் உன்னைக் கட்டிப்பிடிக்கிறவன் போல அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினேன். "போதும் எழும்புடா, பேராசைக்காரா" என்று ஊர் கேட்கச் சொன்னேன். உன் நெஞ்சு என் தோளில் அடித்தது. அது ஒரு ஒழுங்கில்லாமல் அடித்தது.

இதோடு முடிந்தது, இனிக் கொழும்புக்குப் போகலாம் என்றுதான் நான் நினைத்தேன். முடியவில்லை. முன்வீடு தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் போனது. உம்மாவும் நீயும் இளையவளும் பின்பக்கக் குசினிக்குள் ஒதுங்கினீர்கள். ஒரு தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் புது மச்சான் இருக்கிறார். அவருக்குக் கேட்டுவிடுமென்று இருமலைத் தலையணைக்குள் அமுக்கினாய். புதுசில் தெரியக்கூடாது, பிள்ளை தரிக்கட்டும் என்றார் உன் உம்மா. பிள்ளை தரித்தபோது, இப்போது சொன்னால் தங்கை பயந்துவிடுவாள் என்றார். பிறகு ஊரில் கலவரம். கொழும்புப் பாதை திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. ஒவ்வொரு காரணமும் சரியான காரணம். ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. ஒரு சரியான காரணத்திலிருந்து அடுத்த சரியான காரணத்துக்கு உன்னை நடத்திக்கொண்டே போனோம்.

ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்கு முன்னால் நீ போய்விட்டாய். நான் ஓடி வந்தபோது உன் உம்மா வாசலில் நின்று, வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "காய்ச்சல் மகள், காய்ச்சல்தான், ரெண்டு மூணு நாளாக் காய்ச்சல்." அழவில்லை. சொல்லி முடித்துவிட்டுத்தான் அழ வேண்டும் என்பதுபோல் நின்றார்.

உன்னைக் குளிப்பாட்ட நானும் நின்றேன். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. மெதுவாக ஊற்றினேன்.

"என்னடா இவன் துளித் துளியா ஊத்துறான்? ஊத்துடா, மஃரிபுக்கு முந்தி அடக்கணும்" என்றார் குளிப்பாட்டிய லெப்பை.

இன்னும் மெதுவாக ஊற்றினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அந்த வேகத்துக்கே கழுவினார். உன் இடது நெஞ்சைக் கழுவும்போது நான் காது கொடுக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் எப்படிக் குனிவது?

இப்போது நான் எழுத வந்த விசயத்துக்கு வருகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். வெளியூர்க்காரர் இருவர் வந்து என் மேசையில் அமர்ந்தார்கள். ஒருவர் கடைக்காரரிடம் என்னைக் காட்டி ஏதோ கேட்டுவிட்டுத்தான் வந்தார் என்பது தெரிந்தது. உன் இளைய தங்கையை விசாரிக்க வந்தவர்கள். ஸலாம் சொன்னார்கள், எனக்கும் ஒரு தேத்தண்ணி சொன்னார்கள், விளைச்சலைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு மூத்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, குறை நெனைக்கக் கூடா. நீங்க கூட்டாளி எண்டு சொன்னாங்க. அந்தப் புள்ளட காக்கா, வாலிப வயசு, என்னத்தில மௌத்தானாரு?"

இந்தக் கேள்விக்காக நான் மூன்று வருடம் காத்திருந்தேன். என்னிடம் யாராவது கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும், இந்த ஊர் வெட்கப்பட வேண்டும். மனதுக்குள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்த பதில் அது. உண்மையை உண்மையாக எழுத வேண்டும் என்று சஞ்சிகையின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டவன் நான். அதைக் கோர்த்தவன் நீ.

"காய்ச்சல்" என்றேன்.

யோசிக்கவில்லை. தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு அதே மூச்சில் சொன்னேன். அவ்வளவு இலேசாக வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர். நிம்மதியாகச் சொன்னார். நீ காய்ச்சலில் செத்ததற்காக என் முகத்தைப் பார்த்து அல்லாஹ்வைப் புகழ்ந்தார். நானும் தலையாட்டினேன். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "நல்ல கூட்டாளிமார் இரிக்கிறது பெரிய நஸீபு" என்றார்.

வேறு எதைச் சொல்லியிருக்க வேண்டும்? நீதான் சொல். உண்மையைச் சொல்லி அந்தப் பெண்ணைக் கலியாணமில்லாமல் குசினிக்குள் இருத்திவிட்டு, நான் வீரனாக வீட்டுக்குப் போயிருக்கலாம். நீ உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய பொய்யை உடைக்க எனக்கு என்ன உரிமை? உடைக்காமல் விட்டதால், உன்னைக் கொன்ற ஊரில் நானும் ஒரு ஆள். கடற்கரையில் நீ சொன்னது சரி. ஊரென்றால் ஆர் என்று இப்போது எனக்குத் தெரியும், அவனுடைய தேத்தண்ணிக் கோப்பை வரைக்கும் தெரியும்.

இன்று காட்டைக் கையில் வைத்துக்கொண்டு உன் உம்மாவைத் தேடிப் போனேன். இனி இரண்டு பெண்களும் கரையேறிவிடுவார்கள், உங்கள் மகனின் கவிதை ஒன்று இருக்கிறது, அவன் பெயரோடு போடட்டுமா என்று கேட்டேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. சொல்லச் சொன்னார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார், நீ தலையணையை அமுக்கியதுபோல. அந்த நேரம் மூத்தவளின் மகள் முற்றத்து மணலில் சிரட்டையால் சோறாக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். உன் உம்மா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"இவளும் நாளைக்கு வளருவாள்தானே மனே" என்றார்.

ஆகவே உன் பெயரை நான் எழுதவில்லை. என் பெயரும் இதில் இருக்காது, ஊர்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். என்னைக் கண்டால் உன்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த மடலைத் தூரத்தில் இருக்கிற ஒரு பத்திரிகைக்கு, யாரோ யாருக்கோ எழுதியதாக அனுப்பப் போகிறேன். அந்தச் சின்னப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வரும்போது எனக்கு நாற்பது கடந்திருக்கும்.

இன்னொன்று. உன் சொல்லைக் காப்பாற்றி, கவிதையை இதுவரை எங்கும் நான் எழுதி வைக்கவில்லை. நடக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, தொழுகையில் சுஜூதிலும் சிலவேளை, சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். இன்றுதான் முதல் தடவையாகக் கடதாசியில் எழுதினேன். கடைசி வரியில் பேனை நின்றுவிட்டது. 'அவனுக்குக் கை வலித்துவிட்டது' என்றா கோர்த்தாய், 'கை ஓய்ந்துவிட்டது' என்றா? இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் உன் குரலில் கேட்கின்றன. உன் உம்மாவிடம் எதைச் சொன்னேன் என்பதும் நினைவில் இல்லை.

வலித்துவிட்டது என்றே எழுதியிருக்கிறேன். அது என் ஆத்திரத்தின் சொல்லாகவும் இருக்கலாம். பிழையென்றால் பிழையோடுதான் உன்னைச் சுமக்கிறேன். திருத்தித் தர நீ இல்லை.